கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்

போன மாதம் எங்கள் வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு வந்தது. பழைய காரில் பிள்ளைகளுக்குக் கால் முட்டுகிறது, மாமியாருக்கு ஏறி இறங்க முடியவில்லை, ஊரே எஸ்யூவி எடுக்கும்போது நமக்கென்ன என்று என் கணவர் ஆரம்பித்தார். அவர் வாடகை வண்டி ஓட்டுகிறவர். தொழில் வண்டி வேறு, வீட்டு வண்டி வேறு என்பது அவருடைய கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தர்மபுரியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் மகன் டிரைவர் சீட்டில் பாய்ந்தான். மகள் அவன் பக்கத்தில் ஏறி, பாட்டுப் போடும் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமியார் நடு வரிசையில் உட்கார்ந்து ஏசி காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார். கணவர் பானட்டைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அந்த வண்டிக்கு மூன்றாவதாக ஒரு வரிசையும் இருந்தது. அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பு என்னோடு வேலை பார்த்த அக்காவின் ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. வண்டி பார்க்கப் போன இடத்தில், நேராகப் பின்னால் போய்க் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். அதுவும் அவர் பெயரில், அவர் சம்பளத்தில் வாங்கப் போகிற வண்டி.

அக்கா காரிமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். பிறகு நான் மாற்றலாகிப் போனேன், அவர் ஓய்வு பெற்றார், அவருடைய போன் நம்பரும் மாறிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும். ஏனோ விசாரிக்கவில்லை.

அவரை முதலில் பார்த்தது பஸ்ஸில். வேலையில் சேர்வதற்காகத் தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் போய்க்கொண்டிருந்தேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் இரண்டு பெண்கள் பையும் கூடையுமாகப் பரப்பிக்கொண்டிருக்க, ஓரத்தில் ஓர் அம்மா பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காந்தா அவங்களும் ஒழுங்கா உக்காருவாங்கல்ல" என்றேன். அந்த இரண்டு பேரும் நகர்வதற்குள் இந்த அம்மா எழுந்து நின்றுகொண்டார்.

"நீ உக்காரு பாப்பா. நான் எறங்கற எடம் வந்துருச்சு."

நான் உட்கார்ந்தேன். அவர் இறங்குகிற இடம் வரவே இல்லை. காரிமங்கலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்து, என்னோடு இறங்கி, என்னோடு அதே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். நான் முறைத்தேன். அவர் சிரித்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கு அது உடம்போடு ஒட்டிய பழக்கம் என்று. டீ வந்தால் எல்லாரும் எடுத்த பிறகு மிச்சமிருக்கிற டம்ளர்தான் அவருக்கு. மீட்டிங் என்றால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார். தீபாவளி டூட்டி, பொங்கல் டூட்டி எல்லாம் அவர் பெயரில்தான் விழும். "எனக்கென்ன பாப்பா, நான் ஓரமா இருந்துக்கறேன்" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். ஆனால் நோயாளி என்று வந்துவிட்டால் வேறு ஆள். பிரசவ வலியில் ஒரு பெண் வந்தால், கூட வந்த கூட்டத்தையே ஒரு கையால் விலக்கித் தள்ளுவார். குடித்துவிட்டு வந்து சத்தம் போட்ட ஒரு புருஷனைக் காதைப் பிடித்து வெளியே நிறுத்தியதை நானே பார்த்தேன். மற்றவர்களுக்கு வழி பண்ணித் தர அவருக்கு வந்த தைரியம், தனக்கென்று வந்ததே இல்லை.

அவருடைய அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். சின்ன வயதிலேயே வேலை கிடைத்து, தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்தார். அவருக்கும் மாப்பிள்ளை பார்த்தார்களாம். தள்ளிப் போனது, இன்னும் தள்ளிப் போனது, அப்படியே நின்றுவிட்டது. "நல்லவேள, தப்பிச்சேன்" என்பார். காரிமங்கலத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதியமான்கோட்டையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தம்பி, தம்பி மனைவி, இரண்டு பையன்கள். பெரிய பையனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அந்த ஐந்தாறு பேரைப் பற்றித்தான் வாரம் முழுக்கப் பேசுவார்.

தம்பியிடம் ஒரு சின்ன கார் இருந்தது. குடும்பத்தில் எங்கே கிளம்பினாலும் அதில்தான் போவார்கள். கிளம்பும்போது தம்பி போன் பண்ணுவார். "வண்டியில எடம் இல்லக்கா. நீ பஸ்ஸ புடிச்சு வந்துரு, ஸ்டாப்புக்குச் சின்னவன அனுப்பி வெக்கறேன்." சொன்னபடி அனுப்பியும் வைப்பார். வழியில் இரண்டு தடவை போன் பண்ணி பஸ் கிடைத்ததா என்றும் கேட்பார். தம்பி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"பாப்பா, பெருசா ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்."

"பெருசான்னா?"

"ஏழு பேரு உக்கார்ற மாதிரி."

எனக்குப் புரையேறிவிட்டது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷி. "யாருக்கா ஓட்டறது?" என்றேன்.

"பெரியவன் ஓட்டுவான். அவங்க வூட்டுலயே நிக்கட்டும். என் சந்துக்குள்ள ஆட்டோவே வராது." சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இனிமே எடம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாதில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரோடும் ஒரே வண்டியில் ஒரு தடவை எங்காவது போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இதற்காக ஒருத்தர் வண்டியே வாங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஓட்டத் தெரியும், என் கணவருக்கு வண்டி தெரியும் என்பதால் என்னைத்தான் கூடக் கூப்பிட்டுக்கொண்டார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். நான் பெரிய ஆள் மாதிரி டீசலா பெட்ரோலா, மைலேஜ் என்ன, கிராமத்து ரோட்டில் அடி தட்டுமா, சர்வீஸ் பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பேன். எல்லா இடத்திலும் விற்பனைக்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஃபேமிலி எத்தன பேருங்க மேடம்?"

"ஏழு பேருங்க" என்பார் அக்கா, கொஞ்சம்கூடத் தயங்காமல்.

"சார் எப்ப வருவாருங்க?"

"சார் இல்ல. மேடந்தான் வாங்கறாங்க, மேடத்துகிட்டயே பேசுங்க" என்று நான் குறுக்கே விழுவேன்.

அவர்கள் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா பின்பக்கம் போய்விடுவார். நடு சீட்டை மடக்கச் சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்து கடைசி வரிசையில் உட்காருவார். முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பார். ஸ்பீடு பிரேக்கரில் தலை தட்டுமா என்று உட்கார்ந்தபடியே எம்பி எம்பிக் குதிப்பார். ஷோரூமில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் ஒரு பை வைக்கக்கூட இடமிருக்காது என்று எடுத்துச் சொன்னேன். "பைய மடியில வெச்சுக்கலாம்" என்றார்.

இதையெல்லாம்விட அவருக்கு முக்கியமான சோதனை ஒன்று இருந்தது. என்னை முன்சீட்டில் உட்காரச் சொல்வார். இன்ஜினைப் போடச் சொல்லி, ஏசியையும் போடச் சொல்லி, "இப்ப எதாவது பேசு பாப்பா, சத்தமா வேண்டாம், வூட்டுல பேசற மாதிரி பேசு" என்பார். நான் பக்கத்தில் இருக்கிற விற்பனைக்காரரிடம் எதையாவது பேசுவேன். பின்னாலிருந்து, "கேக்கல, கேக்கல" என்று குரல் வரும்.

"எதுக்குக்கா இது?"

"முன்னாடி பேசறது பின்னாடி கேக்கணும் பாப்பா. இல்லன்னா எல்லாரும் சிரிக்கறப்ப, எதுக்குச் சிரிக்கறீங்க எதுக்குச் சிரிக்கறீங்கன்னு கேட்டுட்டே வரணும். அதுங்களுக்கும் சலிப்பாயிரும்."

இரண்டு வண்டிகள் இந்தச் சோதனையில் தோற்றன. மூன்றாவதாக ஒன்று தேறியது. எனக்கு அதைக் கணவாயில் ஏற்றிப் பார்க்காமல் வாங்க மனமில்லை. பைபாஸில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? விற்பனைக்காரரிடம் சண்டை போட்டுத் தொப்பூர் வரைக்கும் எடுத்துப் போனோம். நான் ஓட்டினேன், விற்பனைக்காரர் என் பக்கத்தில். அக்கா கடைசி வரிசையில். கணவாய் இறக்கத்தில் முன்னாலும் பின்னாலும் லாரிகள். பிரேக்கை அழுத்தி அழுத்தித்தான் இறங்க முடிந்தது. "கேக்குதாக்கா?" என்று நான் குரல் கொடுத்துக்கொண்டே வந்தேன். முதலில் "கேக்குது" என்றார். அப்புறம் பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தினேன். இறங்கி, குனிந்து, எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் ஒத்துக்கல."

"நடு வரிசையில உக்காருங்கக்கா. உங்க வண்டிக்கா!"

"நடுவுல தம்பி பொண்டாட்டி. அவளுக்கு முட்டி வலி, பின்னாடி ஏற முடியாது. மருமவ கொழந்தைய வெச்சிருக்கா. தம்பி எப்பவும் முன்னாடிதான். சின்னவனுக்குக் காலு நீளம், அவன் என்கூடப் பின்னாடி வந்தா ஜாஸ்தி."

வண்டி வாங்குவதற்கு முன்பே எல்லாரையும் அதில் உட்கார வைத்து முடித்திருந்தார். அந்த வண்டியைத்தான் வாங்கினார். வாந்தி வராமல் இருக்க மாத்திரை என் ஜன்னலிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி எடுக்கிற நாளில் தம்பி குடும்பம் முழுக்க வந்திருந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். "அக்கா, நீ வந்து புடி" என்று தம்பி கூப்பிட்டார். என் காதால் கேட்டேன், உண்மையாகத்தான் கூப்பிட்டார். "இருக்கட்டும்டா, நீங்க புடிங்க, நான் ஓரமா நின்னுக்கறேன்" என்று இவர் நகர்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, அவரைப் பிடித்து நடுவில் தள்ளியிருப்பேன். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

ஷோரூமிலிருந்து கோயிலுக்குப் பத்து நிமிஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனார். மறுநாள் ஆவலாகக் கேட்டேன், முன்னால் பேசியது கேட்டதா என்று. "கொழந்த அழுதுச்சுன்னு பாட்டு போட்டுட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய் வண்டியைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். கழுவியிருந்தால் "பளபளன்னு வெச்சிருக்கான்" என்பார். அவருடைய எண்ணமெல்லாம் குழந்தையின் காதுகுத்து மேல் இருந்தது. பென்னாகரம் தாண்டி அவர்களுடைய குலதெய்வம். எல்லாரும் சேர்ந்து போகிற முதல் பயணம் அதுதான். அதற்கென்று புடவை வாங்கினார், காலுக்கு நோகாத செருப்பு வாங்கினார், என்னையும் வரச் சொல்லிவிட்டார்.

காதுகுத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால் தம்பி போன் பண்ணினார். அக்கா மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில்தான் பேசினார், அதனால் எனக்கும் கேட்டது. காதுகுத்துக்குத் தாய்மாமன் வர வேண்டும். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். மருமகளின் அண்ணனும் அவர் மனைவியும் சீரோடு முதல் நாளே வந்து தங்குகிறார்கள். மாமனை மரியாதையாக வண்டியில் கூட்டிப் போக வேண்டும்.

"மாமன பஸ்ல வரச் சொல்ல முடியுமாக்கா? நீயே சொல்லு."

"அது எப்படிடா சொல்றது. அவங்க மொத மொத வர்றாங்க. நான் வந்துக்கறேன்."

சின்னவன் பைக்கில் போனான். மாமன் நடுவில் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் பாதியை மடித்து, சீர்த் தட்டுகளையும் பொங்கல் பானையையும் வைத்தார்கள். மீதிப் பாதியில் மாமனின் மனைவி. என் கணவரின் வண்டியில் போகலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவங்களுக்குச் சங்கடமாப் போயிரும் என்று மறுத்துவிட்டார். பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து நாங்கள் போய்ச் சேரும்போது குழந்தை காது குத்தி, அழுது முடித்து, மாமன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

கெடா விருந்து நடந்துகொண்டிருந்தது. என்னைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு அக்காவைக் காணவில்லை. சாப்பிட்டு எழுந்து தேடினேன். புளியமரத்தடியில் அந்த வண்டி நின்றிருந்தது. சீர்த் தட்டுகளை இறக்கியிருந்தார்கள். கடைசி வரிசையில், ஜன்னலோரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை.

"என்னக்கா இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"சும்மா உக்காந்து பாத்தேன் பாப்பா. முட்டி இடிக்கல. நல்ல வண்டிதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஓட்டக் கத்துக்கங்கக்கா" என்றேன். "வண்டியில எந்த சீட்ட வேணும்னாலும் அடுத்தவங்களுக்குக் குடுப்பீங்க. ஓட்டறவங்கள மட்டும் எவனும் பஸ்ல வாங்கன்னு சொல்ல முடியாது." "இந்த வயசுலயா?" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சரி என்று சொல்லப் போகிறார் என்று.

ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்குக் கார் கற்றுக்கொடுப்பது சாதாரண விஷயமில்லை. கியர், கிளட்ச் எல்லாம் வந்துவிட்டது. ஊசி போடுகிற கை, பதறாது. ஆனால் ரோட்டுக்கு வந்ததும் பழைய புத்தி. ஆடு வந்தாலும் நிற்பார், சைக்கிள் வந்தாலும் நிற்பார், தூரத்தில் ஒரு லாரி தெரிந்தாலே ஓரமாக இறக்கி நிறுத்திவிடுவார். சந்தை நாளன்று முச்சந்தியில் ஒரு மினி பஸ்ஸும் இவரும் எதிரெதிரே நின்றுகொண்டு, நீ போ நீ போ என்று கை காட்டிக்கொண்டிருந்ததில் ரோடே அடைத்துக்கொண்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க போனாத்தாம்மா அவன் போவான்! கொஞ்சம் போங்கம்மா!" எப்படியோ லைசென்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அவர் எல்லாருக்கும் நடுவில் நின்றார்.

சந்துக்கு வெளியே ஒரு காலி மனையில் வண்டி நிறுத்த இடம் பார்த்துவிட்டு, தம்பி வீட்டில் போய்ச் சாவியைக் கேட்டார். பெரியவனுக்கு முகம் விழுந்துவிட்டதாம். "உங்களுக்கு எதுக்கு அத்த இந்த ரிஸ்க்கு?" என்றானாம். "எங்க போறதுன்னாலும் சொல்லுங்கடா, நான் வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்து வந்தார். கொஞ்ச நாள் ஒரு போனும் வரவில்லை. பிறகு சேலத்தில் ஒரு கல்யாணம் வந்தது. தம்பி மனைவியின் சொந்தம். அக்காவே போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், எல்லாரும் தயாராக இருங்கள் என்றார். தம்பி சரி என்றாராம்.

அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார். "தம்பி வூடு வரைக்கும் பக்கத்துல உக்காந்து வா பாப்பா, ஒரு தைரியத்துக்கு. அங்கிருந்து உன்ன பஸ் ஏத்தி விட்டுடறேன்." அவர்கள் எல்லாரும் ஏறினால் எனக்கு இடமிருக்காது என்பதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னை அவர் பஸ்ஸில் போகச் சொல்கிறார்!

ஜரிகைப் புடவை, தலையில் பூ. மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். ஓட்டினால் வாந்தி வருவதில்லை என்றார். தர்மபுரிக்குள் யாருக்கும் வழிவிடாமல்கூட இரண்டு இடத்தில் போனார். அதியமான்கோட்டையில் தம்பி வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். கேட் பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "வேன் வந்துச்சே, அப்பவே கெளம்பிப் போயிட்டாங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அக்கா போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. தம்பி கொஞ்சம் திணறினார். "தொப்பூர்ல எறங்கணும்ல அக்கா, கொழந்த வேற இருக்குது. நீ புதுசா ஓட்டற. இவளுக்குப் பயம். சொன்னா நீ சங்கடப்படுவன்னுதான் சொல்லல." பின்னால் வேனுக்குள் பலர் பேசிச் சிரிக்கிற சத்தம் வந்தது.

"சரிடா, பாத்துப் போங்க. கொழந்தைக்கு ஜன்னல் காத்து படாம பாத்துக்கச் சொல்லு" என்று போனை வைத்தார்.

நான் என்னென்னவோ சொன்னேன். நாமே சேலம் போகலாம் என்றேன், எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அவர் பின்னால் பார்த்து, ஒழுங்காகத் திருப்பி, வந்த வழியே ஓட்டினார். பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். முகூர்த்த நாள், வந்த பஸ் எல்லாம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"தர்மபுரி போறவங்க ஏறிக்கங்க."

எல்லாரும் பார்த்தார்கள். வேட்டி கட்டிய ஒருவர், "எவ்வளவுங்க?" என்றார்.

"காசெல்லாம் வேண்டாங்க. சும்மாதான் போவுது வண்டி, ஏறுங்க."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். குழந்தை வைத்திருந்த ஒரு பெண், குழந்தையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரும் ஏறவில்லை. அக்கா காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"சரி, பஸ் டிக்கெட் எவ்வளவோ அதயே குடுங்க" என்றார் அக்கா.

உடனே கதவைத் திறந்தார்கள். வேட்டிக்காரர், அவருடைய ஆள், குழந்தையோடு அந்தப் பெண், இன்னும் ஒருவர். மூட்டு வலியோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்காக நான் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் ஏறினேன். கடைசி வரிசையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முட்டி இடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய பின்தலையும் தெரிகிறது, ஒருவர் முகமும் தெரிவதில்லை. முன்னால் அந்த வயதான அம்மா அக்காவிடம் என்னவோ சொன்னார், அக்கா சிரித்தார். எதற்கென்று எனக்குக் கேட்கவில்லை. வண்டி நிறைந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொன்னேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டி. காசு வாங்கி ஆள் ஏற்றினால் பிடித்துவிடுவார்கள் என்பது என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிற பாடம். ஒவ்வொருவரும் இறங்கி, ஜன்னல் வழியாகக் காசைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் "பாத்துப் போங்க" என்றார். நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அவர் இன்ஜினை அணைக்கவில்லை, கிளம்பவும் இல்லை. காசு கையிலேயே இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் இந்நேரத்துக்கு அந்த ஸ்டாப்புல ஆளுங்க நிப்பாங்களா, பாப்பா?"

சட்டம், அபராதம், போலீஸ் என்று சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. அவர் கண்ணாடி வழியாகப் பின் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாங்கக்கா" என்றேன்.